"ஜெய்ஹிந்த் அம்மா" என்று வந்தவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிட்டோம்

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். தெருவுக்கு நாலு வீட்டிலாவது மிலிட்டரிக்காரர் இருப்பார். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். போன ஆடியில் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே, ஏதோ முன்னாள் படைவீரர் சங்கம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார்.

வாசலிலேயே "ஜெய்ஹிந்த் அம்மா" என்றார். அப்பா படத்தின் முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அப்பா ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தை மெதுவாகச் சொன்னார். அம்மா உடைந்து அழுதுவிட்டார். அதற்கப்புறம் அவர் கேட்ட எதற்கும் எங்கள் வாயில் இல்லை என்ற சொல் வரவில்லை.

அப்பாவின் பென்ஷன் உத்தரவான பிபிஓவில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. கல்யாணமான புதிதில் அப்பா வீட்டில் கூப்பிடுகிற பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறார், குடும்ப விவரங்களைப் பதிகிற பார்ட் டூ ஆர்டரிலும் அதுவே ஏறிவிட்டது. "இப்படி இருந்தா ஃபேமிலி பென்ஷன் வரவே வராதும்மா. ரெஜிமென்ட் ஆவணமெல்லாம் வெச்சிருக்கிற வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு" என்றார். 18,000 ரூபாய் கொடுத்தோம். அரியர் வந்ததும் பத்து சதம் தனியாம். அப்பாவின் பட்டாளப் பணிக்குச் சான்றான டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எல்லாம் ஒரிஜினலாகவே வாங்கிப் போனார். அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபியையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

ஐந்து மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. தை பிறந்த பிறகு அவர் போனே எடுப்பதில்லை.

லீவு போட்டு அம்மாவை வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவரும் பட்டாளத்துக்காரர்தான். "இதுக்கா காசு குடுத்தீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியில் ஒரு அஃபிடவிட், ஆதார் நகல், இறப்புச் சான்று, ஒரு விண்ணப்பம். அவர்களே ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புகிறார்கள். முத்திரைத்தாள், நோட்டரி செலவு தவிர வேறு செலவே கிடையாது. ராணுவ பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பர்ஷில் அப்பாவின் கணக்கைத் திறந்து பார்த்தால் அப்பாவின் மொபைல் எண் இருந்த இடத்தில் அந்த ஆளின் எண். ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைந்து அதை மாற்றினோம்.

ஃபேமிலி பென்ஷன் என்பதே சாதாரண விகிதத்தில் கடைசிச் சம்பளத்தின் 30 சதம்தான். தாலியிழந்து நிற்கிறவரிடம் அதிலும் பங்கு கேட்க எப்படி மனசு வந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பென்ஷன் வாங்கும் அப்பா, மாமா, சித்தப்பா யாராவது வீட்டில் இருந்தால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே பிபிஓவில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். சங்கம் என்று யார் வந்தாலும் நகல் மட்டும் கொடுங்கள். ஓடிபியைச் சொல்லவே சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டதில் ஐந்து மாதம் போய்விட்டது.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அம்மாவின் விண்ணப்பம் இப்போது வெலிங்டனில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக் இன்னும் கைக்கு வரவில்லை. அதே ஆள் போன வாரம் பக்கத்து ஊரில், கணவர் இறந்து இருபது நாள்கூட ஆகாத ஒரு அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்கள். நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் சங்க அடையாள அட்டை, வாயைத் திறந்தால் ஜெய்ஹிந்த்.