அறுபது கடந்த எம்ஜிபி: வைத்து ஓட்டுபவரின் அனுபவம்

எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. 2022-இல் அதற்கு அறுபது வயது நிறைந்தபோது இங்கிலாந்தில் எல்லோரும் குரோம் பம்பரையும் கம்பிச் சக்கரத்தையும்தான் புகழ்ந்தார்கள். நான் வைத்திருப்பது 1971-ஆம் ஆண்டின் திறந்த வண்டி. பல ஆண்டுகளாக மழையிலும் குளிரிலும் ஓட்டி வருகிறேன். அழகைவிட, பழுது பார்க்க வளைந்துகொடுக்கும் அதன் குணத்துக்குத்தான் என் ஓட்டு.

வேகத்துக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். 1798 சிசி எஞ்சின். அறிமுகமான காலத்தில் 95 குதிரைத்திறன் என்றார்கள். இன்றைய குடும்பக் கார் எதுவும் சிரமமில்லாமல் முந்திவிடும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் என்பதால் சாலையின் ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியும். ஆனால் வளைந்து செல்லும் கிராமச் சாலையில் மணிக்கு 50 மைல் போனாலே பறப்பது போலிருக்கும், அபராதச் சீட்டுக்குப் பயமுமில்லை.

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கும். இரண்டு கார்புரேட்டர்களின் மிதவைக் கிண்ணங்களும் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் டேங்க் காலியாக இருக்கலாம், அல்லது எங்கோ பெட்ரோல் ஒழுகலாம். சத்தமே வராவிட்டால் உள்ளே மின் தொடர்பு தரும் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரின் பிடியால் பம்பை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். கார்புரேட்டர் மூடியைத் திருகி எடுத்து உள்ளேயிருக்கும் டாஷ்பாட் என்ற சிறு குழலில் எண்ணெய் பார்ப்பது இந்த வண்டிக்காரர்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. பாட்டரிதான் தலைவலி. ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டை இருக்கைகளுக்குப் பின்னே தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். குனிந்து எட்டிப் பார்ப்பதற்குள் இடுப்பு போய்விடும்.

உண்மையான எதிரி துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. தனிச் சட்டகம் கிடையாது. எனக்கு விற்றவர் உள்ளே அரித்துப்போன தகட்டை அப்படியே விட்டு, மேலே புதுத் தகட்டை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்திருந்தார். அதை வெட்டியெடுத்து வெல்டிங் செய்த செலவில் இன்னொரு பழைய கார் வாங்கியிருக்கலாம்.

ஆனாலும் உதிரி பாகம் கிடைக்காமல் வண்டி நின்றதே இல்லை. எம்ஜிபியைத் தயாரித்த அபிங்டன் தொழிற்சாலை 1980-இலேயே மூடப்பட்டது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராகிவிட்டதால் பாகங்களுக்கான சந்தை வற்றவில்லை. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் முழு உடற்கூட்டையே புதிதாக அச்சடித்துத் தருகிறது. அதே வயதுள்ள வேறு எத்தனை கார்களுக்கு இந்த யோகம் உண்டு?

நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. நான் விடாமல் கொண்டுபோகிறேன். பிரேக் விஷயத்தில் சலுகை எதற்கு? பெட்ரோலும் எத்தனால் குறைந்த ஈ5 தான், கொஞ்சம் விலை கூடினாலும்.

1974-இன் இறுதியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகளைப் பலர் ஏளனம் செய்கிறார்கள். அமெரிக்க விதிகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டியதில் வளைவில் சற்றுச் சாயும் என்பது மெய்தான். ஆனால் சில் நன்றாக இருக்கும் ரப்பர் பம்பரா, அரித்துப்போன குரோமா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். மழைக்கு அஞ்சுபவர்கள் 1965-இல் வந்த கூரை போட்ட ஜிடியைப் பார்க்கலாம். என் மனைவி அன்றே அதைத்தான் வாங்கச் சொன்னார், இன்றும் சொல்கிறார்.