கிரெப்பா, டன்னியா?

1920களின் இந்த இரண்டு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்களில் யார் பெரியவர் என்பதுதான் கேள்வி. ஜீன் டன்னியின் கணக்கில் தோல்வி ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுத்தவர் ஹாரி கிரெப். 1922 மே 23, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எடையில் சுமார் 12 பவுண்டு குறைவான கிரெப், முதல் சுற்றிலேயே டன்னியின் மூக்கை உடைத்தார். மிச்சம் 14 சுற்றும் ரத்தம் வழிய வழிய டன்னி விழாமல் நின்றார். தோற்றவருக்கும் கைதட்டத் தோன்றும் சண்டை.

டன்னி கணக்குப் போட்டு ஆடுபவர். தூரம் அளந்து இடது கையை நீட்டுவார், எதிராளியின் பழக்கத்தைப் படித்துக்கொள்வார். கிரெப்புக்கு 'பிட்ஸ்பர்க் காற்றாலை' என்று பெயர். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார், எந்தப் பக்கமிருந்து குத்து வரும் என்று தெரியாது. அவர் சுத்தமாக ஆடினார் என்று யாரும் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

இருவரும் மோதியது ஐந்து முறை. 1923 பிப்ரவரியில் டன்னிக்குத் தீர்ப்பானபோது, அங்கிருந்த பத்திரிகைக்காரர்கள் பலர் கிரெப்தான் ஜெயித்தார் என்றார்கள். அந்த டிசம்பரில் சந்தேகத்துக்கு இடமில்லை: டன்னி பாடம் படித்து வந்திருந்தார், உடம்பைப் பார்த்துக் குத்தினார். நேருக்கு நேர் கணக்கு அவர் பக்கம்தான். 1926இல் அன்றைய சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி, அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட் பட்டமும் வாங்கினார். 1928இல் பட்டத்தோடேயே ஓய்வு பெற்றார்.

சரி, அப்படியானால் கிரெப் எதற்கு? அவர் ஆடியது ஏறக்குறைய 300 சண்டை, 1919இல் மட்டும் 40க்கு மேல். அன்று பல மாநிலங்களில் நாக்அவுட் (விழுந்தவர் எழ முடியாமல் தோற்பது) இல்லையென்றால் அதிகாரபூர்வத் தீர்ப்பே கிடையாது. யார் ஜெயித்தார் என்பதை மறுநாள் பேப்பர்தான் சொல்லும். அதனால் அவருடைய வெற்றிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். இதற்கு மேல், வலது கண் பார்வை போய்க்கொண்டிருந்ததை மறைத்தபடியே 1923இல் நடுத்தர எடைப் பிரிவான மிடில்வெயிட் பட்டம் வென்றார்.

என் ஓட்டு கிரெப்புக்கு. ஆனால் ஆதாரம் காட்டச் சொன்னால் சங்கடம்தான். டன்னி டெம்ப்ஸியோடு ஆடியதைப் படத்தில் பார்க்கலாம். கிரெப்பின் ஒரு சண்டைப் படம்கூட மிஞ்சவில்லை, பயிற்சிக் காட்சிகள் கொஞ்சம் இருக்கின்றன, அவ்வளவே. 1926 அக்டோபரில் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 32 வயதில் இறந்தார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர், பட்டம் வென்று ஒரு மாதமே ஆகியிருந்த டன்னி.