கம்போங் அட்மிரல்ட்டி: வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்த கட்டடம்

அம்மாவுக்குச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை என்றால் அன்று காலை வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க மாட்டோம், வெறும் வயிறு, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இந்த முறை சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் இருக்கும் கம்போங் அட்மிரல்ட்டியில் உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போனோம். ரத்தம் கொடுத்துவிட்டு மின்தூக்கியில் கீழே இறங்கினால் உணவங்காடி நிலையம். பஞ்சை அழுத்திப் பிடித்த கையோடு உட்கார்ந்து ஒரு தே ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்) உறிஞ்சிவிட்டு அம்மா சொன்னார்: "இனிமே எல்லா அப்பாயின்மென்ட்டையும் இங்கேயே போட்டுருடா."

என் விமர்சனமே கிட்டத்தட்ட அதுதான். ஆனாலும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எங்கே புதிதாக ஒருங்கிணைந்த வளாகம் அறிவித்தாலும் இதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

இடம் 1 ஹெக்டேர்கூட இல்லை, எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 45 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்று உயரக் கட்டுப்பாடு வேறு. அதற்குள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 11 மாடிகளை அடுக்கியிருக்கிறது: தரையில் கூரை போட்ட திறந்த முற்றம், அதற்கு மேல் உணவங்காடி, அதற்கும் மேல் மருத்துவ நிலையம், பிறகு படிப்படியாக ஏறும் தோட்டம், இரண்டு புளோக்குகளில் மூத்தோருக்கான 104 சிறிய வீடுகள். வடிவமைத்தது வோஹா நிறுவனம், 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் வாங்கியது. விருதெல்லாம் சரி, அம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் "அப்படியா" என்று சொல்லியிருப்பார்.

எனக்குப் பிடித்தது தரைத்தளம். எம்ஆர்டி வாசலில் அப்படி ஓர் இடம் என்றால் வாடகைக்கு விட்டே காசு பார்க்கலாம், ஆனால் நடுவில் முற்றத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு ஓரத்தில் சில பாட்டிகள் கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தார், அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே இடம், அதே செருப்பு. எதுவும் வாங்காமல் உட்கார ஓர் இடம் இந்த ஊரில் எவ்வளவு அரிது என்பது வயதானவர்களை வெளியே கூட்டிப்போகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கடைத்தொகுதி இருக்கிறது, பெயர் வேண்டாம், கட்டும்போது ஒட்டிய படங்களில் 'சமூக வெளி' என்று பச்சை நிறத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இப்போது அது பூட்டிய கண்ணாடிக் கதவு, முன்பதிவு செய்ய ஒரு படிவம், வாசலில் சாய்மானம் இல்லாத இரண்டு பெஞ்சு.

மேலே குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையும் மூத்தோர் நடுவத்தையும் அக்கம்பக்கமாக வைத்திருக்கிறார்கள். திட்ட விளக்கங்களில் 'தலைமுறைகளை இணைப்பது' என்றெல்லாம் எழுதுவார்கள், நடைமுறையில் பேரனைக் கொண்டுவந்து விடுகிற பாட்டி அப்படியே பக்கத்துக் கதவுக்குள் நுழைந்துவிடலாம். ஒரு வேலையாக வந்தவர் தனியாகத் திட்டம் போடாமலேயே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்கிறாரா என்பதுதான் என் கணக்கு. எத்தனை வசதி என்று பட்டியல் நீட்டுவது யாருக்கும் வரும், அடுத்தடுத்து எதை வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குறை சொல்லாமல் விட முடியாது. வெறும் 104 வீடுகள்! 30 ஆண்டுக் குத்தகை, வெளிச்சந்தையில் விற்க முடியாது, வேண்டாமென்றால் வீவகவிடமே திருப்பித் தர வேண்டும். அது நியாயமான ஏற்பாடுதான், ஆனால் இந்த வாழ்க்கை உண்மையில் கிடைத்தது அந்தச் சில குடும்பங்களுக்குத்தான், எங்களைப் போன்ற மற்றவர்கள் பகல் விருந்தாளிகள். அப்புறம் அந்தப் பெயர். 'கம்போங்' என்றால் மலாயில் கிராமம், நாங்கள் கம்பம் என்போம். கம்பத்தில் வளர்ந்தவர் அம்மா, பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு "கம்பம்னா கோழி எங்கே?" என்று கேட்டார். மேலே தோட்டத்தைக் காட்டினேன், கோழி இல்லாத குறையை அது தீர்க்கவில்லை.

இதே பாணியில் அடுத்து யூ டீ வட்டாரத்தில் வருகிறது, அங்கும் மூத்தோர் வீடுகள், உணவங்காடி, பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), சமூக மன்றம் என்று ஒரே கட்டடத்துக்குள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கும்போது கடைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தரைத்தளத்தை மட்டும் பாருங்கள். வெயிலோ மழையோ படாமல், காசு கொடுக்காமல் ஒருவர் எவ்வளவு நேரம் உட்காரலாம், கழிவறை எத்தனை அடி தூரம் என்று கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண்ணைக் கோழிக்காக அம்மா பிடித்துக்கொண்டார்.