பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு: கேபிளா, பேக்கப்பா, கடைக்காரரா?

புதிய கைபேசி வாங்கும்போது கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பெட்டியைப் பிரித்து இயக்கியதும், பழைய கைபேசியில் இருப்பவற்றை இதற்குக் கொண்டுவர வேண்டுமா என்று திரை கேட்கும்போது மட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தகவல்களை மாற்றும் வழிகளில் சில அந்த ஒரு திரையோடு அடைபட்டுவிடும். மீண்டும் அவற்றைப் பெற வேண்டுமானால் புதிய கைபேசியை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த வழியில் மாற்றப்போகிறோம் என்பதைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டு கைபேசிகளையும் கேபிளால் இணைத்து நேரடியாக மாற்றுவது, கூகுள் அல்லது ஐகிளவுட் (ஆப்பிளின் இணையச் சேமிப்பிடம்) கணக்கில் உள்ள பேக்கப்பிலிருந்து இறக்கிக்கொள்வது, கைபேசி நிறுவனங்களே தரும் மாற்றுச் செயலிகளைப் பயன்படுத்துவது, கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது ஆகிய நான்குதான் இன்று பெரும்பாலோர் கையாளும் வழிகள். பழைய கைபேசி இயங்குகிறது, அதன் திரையும் சரியாக இருக்கிறது என்றால் கேபிள் வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பலரும் அதை வேகத்துக்காகப் பரிந்துரைக்கிறார்கள். நான் வேகத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைத்தான். ஆண்ட்ராய்டு 6 முதல் செயலிகளின் உள்தகவல்கள் தானாகவே கூகுள் கணக்கில் பேக்கப் ஆகின்றன. ஆனால் ஒரு செயலிக்கு 25 மெகாபைட் வரைதான் இடம் ஒதுக்கப்படுகிறது. அதிலும், என் தகவல் வெளியே போகக் கூடாது என்று செயலியை உருவாக்கியவரே தடுத்துவிடவும் முடியும். கூகுள் பேக்கப்பிலிருந்து மீட்ட பிறகு செயலிகளின் படங்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நிற்பதும், உள்ளே போனால் பல வெறுமையாக இருப்பதும் இதனால்தான். நேரடி மாற்றத்தில் அந்த 25 மெகாபைட் வரம்பு கிடையாது. பேக்கப்பைத் தடுத்திருக்கும் செயலிகள் சிலவற்றின் தகவல்கூட, ஆண்ட்ராய்டு 12 முதல் சில நிறுவனங்களின் கைபேசிகளில், நேரடி மாற்றத்தின்போது வந்துவிடுகிறது.

வேகத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கைபேசிகளுடன் வரும் யுஎஸ்பி-சி கேபிள், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், யுஎஸ்பி 2.0 தரத்தைச் சேர்ந்தது. விநாடிக்கு 480 மெகாபிட் என்பது அதன் உச்சம் (8 மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்). நடைமுறையில் விநாடிக்கு 30 மெகாபைட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 ஜிபி தகவலை மாற்ற அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதே 60 ஜிபியை விநாடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைய இணைப்பில் இறக்கினால் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். சிறு சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டு வழியிலும் இன்னும் தாமதமாகும் என்றாலும், இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

கேபிள் வழியில் பெரும்பாலானோர் சிக்குவது ஓரிடத்தில்தான்: இணைத்த பிறகும் இரண்டு கைபேசிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. கைபேசி கெட்டுவிட்டதோ என்று அஞ்சுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க், காதுக்கருவி போன்றவற்றுடன் வரும் மலிவான கேபிள்களில் பல, மின்சாரத்துக்கான கம்பிகளை மட்டுமே கொண்டவை. அவற்றில் சார்ஜ் ஏறும், தகவல் போகாது. கேபிள் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால், பழைய கைபேசியின் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்தால் வரும் அறிவிப்புகளில் யுஎஸ்பி என்று இருப்பதைத் தொட்டு, சார்ஜ் மட்டும் என்பதிலிருந்து கோப்புப் பரிமாற்றம் என்பதற்கு மாற்ற வேண்டும். பழைய கைபேசியில் மைக்ரோ யுஎஸ்பி துளை இருந்தால், கைபேசியில் வேறு யுஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் ஒன்று தேவைப்படும். அதன் விலை மிகக் குறைவு.

பேக்கப் வழிக்கு வருவோம். பழைய கைபேசி தொலைந்துவிட்டாலும் தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டாலும் கைகொடுப்பது இது ஒன்றுதான் என்பதால், இதைக் கேபிளோடு போட்டியிடும் வழியாகப் பார்ப்பதைவிட, என்றும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டிய காப்பீடாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு மட்டும் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

கைபேசியைப் பயன்படுத்தாமல் 57 நாள்கள் போட்டு வைத்தால் கூகுள் அதன் பேக்கப்பை அழித்துவிடும். உடைந்த கைபேசியை மேசை அறையில் போட்டுவிட்டு, இரண்டு மாதம் வேறொன்றை வைத்துச் சமாளித்து, தீபாவளித் தள்ளுபடியில் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆப்பிள் இதில் தாராளம். ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்திய பிறகும் 180 நாள்கள் வரை அது காத்திருக்கும். அடுத்தது திரைப்பூட்டு. ஆண்ட்ராய்டு 9 முதல் பேக்கப்பானது பழைய கைபேசியின் பின் எண், பேட்டர்ன் அல்லது கடவுச்சொல்லைக் கொண்டே பூட்டப்படுகிறது. மீட்கும்போது கூகுள் கணக்கின் கடவுச்சொல்லோடு அதையும் கேட்கும். விரல் ரேகையால் மட்டுமே திறந்து பழகிய பெரியவர்களுக்கு, மகனோ மருமகளோ எப்போதோ வைத்துக்கொடுத்த பின் எண் நினைவில் இருப்பதில்லை. இன்றே அதை எழுதி, பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது நிபந்தனை இயங்குதளத்தின் பதிப்பு பற்றியது. உயர்ந்த பதிப்பில் எடுத்த பேக்கப்பைத் தாழ்ந்த பதிப்பில் இயங்கும் கைபேசியில் மீட்க முடியாது; ஐபோனுக்கும் இது பொருந்தும். புதிதாக வாங்கிய கைபேசியில் பதிப்பு எப்படிக் குறைவாக இருக்கும் என்று தோன்றலாம். கிடங்கில் சில மாதம் இருந்துவிட்டு வரும் பெட்டியில் பழைய பதிப்பு இருப்பது வழக்கமான ஒன்றுதான், பழைய கைபேசியோ போன வாரம்தான் அப்டேட் ஆகியிருக்கும். பேக்கப் பட்டியலில் உங்களுடையது தென்படவில்லை என்றால், புதிய கைபேசியை முதலில் அப்டேட் செய்து, பிறகு ரீசெட் செய்து (முழுவதும் அழித்து), மீண்டும் முயல்வதுதான் வழி.

இடப் பற்றாக்குறையும் உண்டு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் எல்லாம் அடங்க வேண்டும். புகைப்படங்களுக்கு இருந்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப்பும் 2024 முதல் இதே 15 ஜிபியில் கணக்காகிறது. ஆப்பிள் தருவது 5 ஜிபி மட்டுமே என்றாலும், புதிய ஐபோனுக்கு மாறும்போது 21 நாள்களுக்குத் தேவையான இடத்தைத் தற்காலிகமாக இலவசமாகத் தருகிறது. பலரும் அறியாத நல்ல வசதி இது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கூகுள் போட்டோஸில் பேக்கப் இயக்கத்தில் இருக்கிறது என்றால் கேமராவில் எடுத்த படங்கள் மேலே போகின்றன என்று மட்டுமே பொருள். குடும்பக் குழுவில் வந்த திருமணப் படங்களும் குழந்தையின் காணொளிகளும் வாட்ஸ்அப் கோப்புறையில் இருப்பவை. அந்தக் கோப்புறையை நீங்களே தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அவையும் போகும்.

நிறுவனங்களின் செயலிகளில் சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கைபேசியை முதன்முறை இயக்கியதும் திரை கேட்பவற்றை நிரப்பும் முதல் அமைப்பை முடித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம். கேபிள், வைஃபை, மெமரி கார்டு என்று பல வழிகளிலும் அது வேலை செய்யும். சாம்சங்கிலிருந்து சாம்சங்குக்குப் போகும்போது முகப்புத் திரையின் ஒழுங்கு, அலாரம் போன்ற சிறு அமைப்புகள்கூட வந்து சேர்வதால், புதிய கைபேசி முதல் நாளே பழகியதுபோல் ஆகிவிடும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் இந்த நன்மை வெகுவாகக் குறைந்துவிடும்; அப்போது ஆண்ட்ராய்டின் பொதுவான கேபிள் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்களுக்கு ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் செயலி இருக்கிறது. அது ஐபோனின் முதல் அமைப்பின்போது மட்டுமே வேலை செய்யும். பாதியில் நின்றுவிடுகிறது என்ற குறை அதைப் பற்றி அடிக்கடி கேட்கக் கிடைக்கிறது. ஐபோன் அப்போது தற்காலிக வைஃபை ஒன்றை உருவாக்குகிறது. அதில் இணையம் இல்லை என்பதைக் கண்ட ஆண்ட்ராய்டு கைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் இணைப்பு அறுந்துபோகும். மொபைல் டேட்டாவையும், வைஃபையைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்துவிட்டு, இரண்டையும் சார்ஜரில் போட்டு, செயலியைத் திரையிலேயே திறந்தபடி விட்டுவிட்டால் பெரும்பாலும் தடையின்றி முடிந்துவிடும். இடையில் ஒரு அழைப்பை எடுத்துப் பேசினால்கூட சிக்கல் வரலாம். எதிர்த்திசையில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப் உரையாடல்களைக் கொண்டுவரக் கேபிள் கட்டாயம். அதையும் புதிய கைபேசியின் முதல் அமைப்பின்போதே செய்தாக வேண்டும்.

கடைக்காரரிடம் கொடுப்பதை ஒரேயடியாகத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத் திரையைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கடைக்காரர் பயன்படுத்துவதும் மேலே சொன்ன கேபிளையும் செயலிகளையும்தான். வேலை எளிது என்பதால் பின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்வது பலரின் வழக்கம். திறந்த கைபேசியில் குடும்பப் படங்களும், வங்கியின் குறுஞ்செய்திகளும், ஆதார் நகலும் இருக்கும்போது இது கூடவே கூடாது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, பின் எண்ணை நீங்களே உள்ளிட்டு, முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

திரையின் தொடுதல் மட்டும் செத்துப்போய், படம் தெரிகிற கைபேசிகளுக்கு இங்கே ஓர் இடம் தர வேண்டும். ஓடிஜி இணைப்பானில் சாதாரண யுஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகினால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளின் திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறந்து, ஸ்மார்ட் ஸ்விட்ச் போன்ற செயலியை வைஃபை வழியே இயக்கிவிடலாம். திரை மாற்றுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இலவசம். திரை முழுக்க இருண்டுவிட்டால் இந்த வழி உதவாது.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், தனியே கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாட்ஸ்அப்பை அதன் சொந்த வழியில் மாற்றுவதே நம்பகமானது. ஒரே இயங்குதளத்துக்குள் மாறுபவர்கள், 2023 ஜூன் இறுதியில் வந்த உரையாடல் மாற்று வசதியைக் கொண்டு, புதிய கைபேசியில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் பழையதால் படித்து, டிரைவில் இடமே எடுக்காமல் எல்லாவற்றையும் நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். டிரைவிலிருந்து மீட்பதானால் அதே தொலைபேசி எண்ணும், பேக்கப் எடுத்த அதே கூகுள் கணக்கும் வேண்டும்; பேக்கப் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது என்றால் பெரும்பாலும் கைபேசியில் உள்ள இரண்டு கூகுள் கணக்குகளில் தவறானது தேர்வாகியிருக்கிறது என்றே பொருள். எல்லாம் பொய்த்தாலும், ஆண்ட்ராய்டு கைபேசியின் உள்ளேயே கடந்த 7 நாள்கள் வரையிலான வாட்ஸ்அப் பேக்கப் கோப்புகள் இருக்கும். பழைய கைபேசியை அவசரப்பட்டு அழிக்காதவர்களுக்கு அவை கிடைக்கும்.

யுபிஐ செயலிகளைப் புதிதாகத்தான் பதிய வேண்டும். வங்கியில் பதிவான எண்ணுள்ள சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாக வெளியே போய், அந்தக் கைபேசியையும் கணக்கையும் பிணைக்கிறது. சரிபார்ப்பு தோல்வி என்று மீண்டும் மீண்டும் வந்தால், அந்த சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா, இரண்டு சிம்களில் சரியானதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். கைபேசி மாற்றியபின் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும்; ஆகவே நகை வாங்கப் போகும் நாளின் காலையில் கைபேசி மாற்ற வேண்டாம். சிம்மிலேயே பதிந்து வைத்த தொடர்பு எண்களை, இசிம்முக்கு (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இருக்கும் சிம்) மாறும் முன் கூகுள் கணக்குக்கு ஏற்றிவிட வேண்டும். கணக்குகளில் நுழைய ஒருமுறைக் குறியீடுகளைத் தரும் கூகுள் அத்தென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது; அதை இயக்காதவர்கள் பழையதிலிருந்து கியூஆர் வழியே குறியீடுகளை ஏற்றுமதி செய்தாக வேண்டும்.

யுபிஐ, வாட்ஸ்அப், வங்கிச் செயலிகள் மூன்றும் புதியதில் ஒரு வாரம் ஒழுங்காக இயங்கிய பிறகு பழையதை விற்கவோ பிறருக்குத் தரவோ செய்யலாம். அப்போதும் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தினால் வரும் ரெகவரி திரை வழியாக நேரடியாக அழிக்காதீர்கள், ஆண்ட்ராய்டு 5.1 முதல் உள்ள பாதுகாப்பு, அடுத்து இயக்குபவரிடம் உங்கள் கூகுள் கணக்கையோ பழைய பூட்டையோ கேட்டு நின்றுவிடும். செட்டிங்ஸில் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, ஐபோனானால் தொலைந்த கைபேசியைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறிவிட்டு, அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள்.