மனைக்கு "ஸ்பெஷல் விலக்கு" வாங்கித் தருகிறோம் என்றால் பணம் கொடுக்காதீர்கள்: வேலூர், காட்பாடிக்காரர்கள் கவனிக்கவும்

நேற்று மத்தியானம்தான் உண்மை தெரிந்தது. 1,85,000 ரூபாய் போய்விட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

காட்பாடி பக்கம் அப்பா 2017இல் வாங்கிய இரண்டே முக்கால் சென்ட். லே-அவுட்டுக்கு அங்கீகாரம் கிடையாது. மனை என்று போடாமல் சென்ட் கணக்கில் நிலமாகப் பதிந்து தலையில் கட்டியிருக்கிறார்கள். வீடு கட்ட பிளான் அப்ரூவல் கேட்டபோதுதான் சிக்கலே தெரிந்தது. "அப்ரூவல் வேலைகள் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டிய ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன்.

"நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, 113ஆம் பிரிவு. இந்தச் சட்ட விதிகள்லேர்ந்து ஒரு இடத்துக்கு விலக்கு கொடுக்க அரசுக்கே அதிகாரம் இருக்கு தம்பி" என்றார் அங்கிருந்தவர். வீட்டுக்கு வந்து தேடினேன். அப்படி ஒரு பிரிவு உண்மையாகவே இருக்கிறது! அதில்தான் விழுந்தேன். மறுநாள் புது ஃபைல் எடுத்து, அட்டைமேல் அப்பா பெயரையும் சர்வே எண்ணையும் சிவப்பு மையில் நிறுத்தி நிதானமாக எழுதி நாடா கட்டினார். அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெயரை அவ்வளவு பொறுப்பாக எழுதுகிறாரே என்று, மனைவியின் செயினை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து 1,85,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். ரசீது? "சலான் வந்ததும் சேர்த்துத் தர்றேன்."

அப்புறம் ஆறு மாதம் இழுத்தடிப்பு. ஃபைல் சென்னையில் இருக்கிறது, செக்‌ஷன் ஆபீசர் லீவு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கடைசியில் போனையே எடுக்கவில்லை.

நேற்று நானே நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, "அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்துற வரன்முறை 20.10.2016 வரைக்கும் பதிஞ்ச மனைக்குத்தான். உங்களோடது 2017. விலக்கு கேட்டு எந்த மனுவும் வரலையே" என்றார். நேராக அந்தக் கடைக்குப் போய்க் கேட்டால், "நான் முயற்சி பண்ணேன், சர்வீஸ் சார்ஜ் திரும்ப வராது" என்கிறார். 1,85,000 ரூபாய் சர்வீஸ் சார்ஜாம்!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. முதலில் பத்திரத் தேதியைப் பாருங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் மனைக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. விலக்கு மனு போட்டோம் என்றால் அலுவலக முத்திரையோடு நகல் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். நான் காவல் நிலையத்துக்குப் புகார் எழுத வேண்டும்.