காட்ஸ்வோல்ட்ஸ் காட்டேஜுக்கு 1,240 பவுண்டு கட்டிவிட்டு வாசலில் நின்றோம்

பதினொரு நாள் ஆகிறது. 1,240 பவுண்டு. ஒரு பென்னி திரும்பவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஆறு மாத விசாவில் நாலு மாதம் லண்டன் ஹாரோவிலுள்ள எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவே இங்கிலாந்தைப் பார்த்தாயிற்று. ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறையோடு சேர்த்து மூன்று ராத்திரி காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்பக்கம் போகலாம் என்று முடிவு செய்தோம். விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் தளம் ஒன்றில் போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் பக்கம் ஒரு வீடு கண்ணில் பட்டது. தேன் நிறக் கல் சுவர், கல் பலகை வேய்ந்த கூரை, வாசலில் ஏறிப் படர்ந்த ரோஜா. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் இனிமேல் பணம் இல்லை.

போட்டிருந்த விலை 1,380. அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனது, கீழேயே படுக்கையறை உண்டா என்று கேட்டு எழுதினேன். அந்தக் காலத்துக் காட்டேஜ்களில் இது பெரிய தலைவலி. படிக்கட்டு ஏணி மாதிரி நிற்கும், குளியலறை மாடியில் இருக்கும். பத்தே நிமிடத்தில் வீட்டின் சொந்தக்காரி என்று ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது. உண்டு, மற்றதை வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று ஒரு நம்பர். அதில் ஒரு படம் அனுப்பினாள். கீழ்த்தளக் குளியலறை, டாய்லெட்டுக்குப் பக்கத்தில் சுவரில் பொருத்திய வெள்ளைக் கைப்பிடி. "என் அம்மாவுக்காக வைத்தது. உங்கள் அப்பாவுக்கும் உதவும்" என்று கூடவே ஒரு வரி.

விலை குறைவு என்றா விழுந்தேன்? அந்தக் கைப்பிடிக்கு விழுந்தேன். அம்மாவுக்காகக் கம்பி வைத்தவள் நம்மை ஏமாற்றுவாளா என்று தோன்றியது பாருங்கள், அந்த ஒரு நொடிக்குத்தான் 1,240 பவுண்டு.

அப்புறம் போனில் பேசினாள். வயதான, நிதானமான குரல். தளம் கமிஷன் பிடிக்கிறது, நேராகக் கட்டினால் உங்களுக்கும் லாபம் என்றாள். மூன்று ராத்திரிக்கு 840, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 250. விடுமுறை வாரம் என்பதால் ஞாயிறு மதியம் ஊர்ப் பப்பில் இடமே கிடைக்காது, ஆறு பேருக்கு நானே ரோஸ்ட் (சுட்ட இறைச்சியும் காய்கறியுமான ஞாயிறு விருந்து) சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறேன், அதற்கு 150. அப்பா அம்மா சைவம் என்றதும், அப்படியானால் அவர்களுக்குப் பருப்பு, கொட்டைகளில் செய்யும் நட் ரோஸ்ட், மேலே ஊற்றும் கிரேவிக் குழம்பையும் சைவமாகக் கேட்டு வைக்கிறேன் என்றாள். குழம்பைப் பற்றிக்கூட யோசிக்கிறாளே என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பணம் அனுப்பும்போது வங்கி ஆப் தெளிவாகவே சொன்னது: நீங்கள் கொடுத்த பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்தவில்லை. கேட்டேன். "அது என் மகளின் கணக்கு, அவள்தான் வரவு செலவு பார்க்கிறாள்" என்றாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேரு ஒத்து வரலையே, கிரெடிட் கார்டுல கட்டேன்" என்றார். "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு 'தொடர்க' என்பதை அழுத்தினேன். என் கையால்தான் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பக்கம் பல வீடுகளுக்கு நம்பர் கிடையாது, பெயர்தான். ஒரு போஸ்ட்கோடில் சந்து முழுக்க வந்துவிடும். போனில் சிக்னலும் இல்லை. இரண்டு சுற்று சுற்றி வீட்டைக் கண்டுபிடித்தோம். அதே ரோஜா, அதே கதவு. தட்டினால் தோட்டக் கையுறை போட்ட ஒரு பெரியவர் திறந்தார். எங்களைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரியை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தார். "இந்தக் கோடையில் நீங்கள் மூன்றாவது குடும்பம்" என்றார். அது அவர் குடியிருக்கும் வீடு. வாடகைக்கு விட்டதே இல்லையாம். பின்னால் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பப்புக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை. சாப்பாடும் இல்லை, ஏனென்றால் கிச்சன் இரண்டரைக்கே மூடி, இனி ஆறு மணிக்குத்தான் திறக்கும். கிராமத்துப் பப்புகள் பலவற்றிலும் இதே கதைதான், தெரியாமல் போகாதீர்கள். அங்கிருந்த பெண் மட்டும் அப்பாவுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அக்கம்பக்கத்து விடுதிகளுக்கு அவளே போன் போட்டுப் பார்த்தாள். விடுமுறை வாரத்தில் ஆறு பேருக்கு எங்கே இடம்? விண்ட்ரஷ் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து, அம்மா வழிக்கென்று கட்டி வந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரியே ஹாரோ திரும்பினோம்.

இனி நடந்ததுதான் இன்னும் வயிறெரிகிறது. தளத்தில் முதலில் ரோபோ மன்னிப்புக் கேட்டது. இரண்டாம் நாள் மனுஷர் வந்து, பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே திருப்பித் தர எங்களிடம் முன்பதிவே இல்லை என்றார். விளம்பரத்தைத் தூக்கிவிட்டோம் என்று நல்ல செய்தி போலச் சொன்னார். அதோடு அங்கே எங்களுக்குள் நடந்த பேச்சும் காணாமல் போனது. என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இல்லை.

வங்கியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். "எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தானே தொடர்ந்தீர்கள்?" என்றான் அந்தப் பையன். ஆமாம் தம்பி, பார்த்தேன். ஆனால் 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து வங்கி வழியாக அனுப்பிய பணத்தை, 85,000 பவுண்டு வரை, வங்கியே திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வாடிக்கையாளர் படு அலட்சியமாக இருந்தார் என்று வங்கி நிரூபித்தால் மறுக்கலாம். அதைத்தான் சுற்றிச் சுற்றிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். விதிப்படி ஐந்து வேலை நாள், நேற்றோடு முடிந்தது. கூடுதல் விவரம் வேண்டும் என்று கேட்டு 35 வேலை நாள் வரை இழுக்க வழி இருக்கிறது, இழுக்கிறார்கள். தந்தாலும் 100 பவுண்டைக் கழித்துக்கொள்ளலாம். ஆக 1,240 முழுசாக வராமலும் போகலாம்.

பத்து அறிவுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தளத்தை விட்டு வாட்ஸ்அப்புக்கு வா என்றால் போகாதீர்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், மகள் கதை கேட்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள்: 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான விலைக்கு 1974-ம் ஆண்டுச் சட்டப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. சாப்பாட்டு முன்பதிவைப் பப்புக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள், நான் ஒரு போன் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஏமாந்துவிட்டால் உடனே 159-க்குப் போன் போடுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைப்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் அந்தக் குளியலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தோட்டச் சுவர் தெரிகிறது, சாம்பல் நிறக் கல். நாங்கள் போன வழியெல்லாம் சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. அந்த மண்ணில் வெட்டும் கல்லே அந்த நிறம். "இது வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் பார்த்த கல்லு மாதிரி இருக்கே" என்றார். படம் கையில் இருந்தது, கண்ணும் இருந்தது, கைப்பிடியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அதே தளத்தில் தேடினேன். அதே குளியலறை, அதே வெள்ளைக் கைப்பிடி, ஜன்னலில் அதே சாம்பல் சுவர். இந்த முறை ஊர் பர்ஃபோர்டு, வீட்டுக்காரி பெயர் வேறு. புகார் அனுப்பினேன். நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது. இதை எழுதும் இந்த நிமிடம் வரை விளம்பரம் அங்கேயேதான் இருக்கிறது. செப்டம்பரில் இரண்டு வார இறுதிகள் போய்விட்டதாகக் காட்டுகிறது.