கிளை நூலகத்தில் ஊர்த் தகவல் தளம்: நெடுநாள் புழங்கிய பிறகு

காரைக்குடி வட்டாரக் கிளை நூலகங்களுக்கு வருகிறவர்கள் புத்தகம் மட்டும் கேட்பதில்லை. ஆதாரில் முகவரி மாற்ற எங்கே போவது, முதியோர் உதவித்தொகைக்கு என்னென்ன தாள் வேண்டும், குரூப் 4 தேர்வுக்கு இலவசப் பயிற்சி எங்கே நடக்கிறது என்றும் கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் தரும் இணையப் பட்டியலை நூலகரும் வாசகர் வட்டமும் சேர்ந்தே நடத்தலாம். கூகுள் ஷீட்டில் ஒரு விரிதாளும், அதை எடுத்துக் காட்டும் ஒரு வலைப்பக்கமும் போதும். பட்டியல் பிழைப்பதும் சாவதும் 'சரிபார்த்த தேதி' என்ற ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்பது நெடுநாள் புழக்கத்தில் எங்களுக்கு உறுதியானது.

பதிவின் அமைப்புக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மார்க் 21 வரிசையைப் பார்க்கலாம்; நூலகப் பதிவின் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் தரும் முறை அது. அதில் சமூகத் தகவலுக்கென்றே தனி வடிவம் உண்டு. முகவரிக்கு 270, வேலை நேரத்துக்கு 307, தகுதி, கட்டணம், நடைமுறைக்கு 531 என்று எண்கள். மற்றவற்றை விட்டாலும் 531ஐ விடக் கூடாது. பல ஊர்ப் பட்டியல்கள் பெயரும் போன் நம்பரும் போட்டதோடு நின்றுவிடுகின்றன. கண்டனூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்குத் தெரிய வேண்டியது எதை எடுத்துப் போவது, எவ்வளவு ஆகும் என்பதுதான். "ஓ.டி.பி. வருகிற போன் கையில் இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி அவருக்கு ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

சரிபார்ப்புக்கு நாங்கள் வைத்திருக்கும் கெடு: பயிற்சி வகுப்புகளுக்கு 30 நாள், அலுவலகம், மருத்துவமனை, வங்கிக்கு 90 நாள். கெடு தாண்டிய வரி மஞ்சளாகும், 180 நாள் தாண்டினால் பக்கத்திலிருந்து தானாக மறையும். இன்றைய தேதியிலிருந்து சரிபார்த்த தேதியைக் கழிக்கும் ஒரு சூத்திரமும் ஒரு வடிகட்டியும் இதைப் பார்த்துக்கொள்ளும். பழைய தகவலைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல். போனில் விசாரிக்கும்போது "அதே நேரம்தானே சார்?" என்று கேட்டால் எதிர்முனையில் "ஆமா" என்று வைத்துவிடுவார்கள். "இப்ப எத்தனை மணி வரைக்கும் பாக்குறீங்க?" என்று கேட்டால்தான் மாறியிருப்பது வெளியே வரும்.

அடுத்த தலைவலி தமிழ் எழுத்து. டி.டி.பி. கடைகளிலிருந்து வரும் அறிவிப்புகள் இன்னும் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டும் இந்த நிலை. அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும், மாற்றியில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, சமாளித்துவிடலாம். தெரியாத கோளாறுதான் ஆபத்து. 'கோட்டையூர்' என்பதில் உள்ள 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் விரிதாள் வடிகட்டியில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. தரவு இருந்தும் "இல்லை" என்று காட்டும். ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடும் சப்ஸ்டிட்யூட், யூனிகோடு எண்ணுக்கு உரிய எழுத்தைத் தரும் யூனிகார் என்ற இரண்டு சூத்திரங்களால் சரிசெய்யலாம்: ஏகாரக் கொம்பின் எண் 3015, காலின் எண் 3006 அடுத்தடுத்து வரும் இடத்தில் ஓகாரக் குறியின் 3019. ஒகரத்துக்கு 3014, 3006 வந்தால் 3018. ஔகாரத்தில் கொம்புக்குப் பின் ளகர எழுத்தையே அடித்துவிடுவார்கள், அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 'ஸ்ரீ'க்கும் இரண்டு சேமிப்பு முறை உண்டு, கோயில் பெயர்களில் இது அடிக்கடி கடிக்கும்.

ஊர்ப் பெயருக்கு 'வேறு பெயர்' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். கடியாபட்டிதான் ராமச்சந்திரபுரம். செட்டிநாடு என்று தேடுகிறவர் வட்டாரம் முழுவதையும் நினைத்திருப்பார், ரயில்வேயிலோ அது கானாடுகாத்தான் பக்கத்து நிலையத்தின் பெயர். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்காக ஆத்தங்குடிக்கு 'த்த' வரும் இடத்தில் புழங்கும் எல்லா எழுத்துக்கூட்டலும் அந்தக் கட்டத்தில் இருக்கட்டும்.

செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. நூலக நிர்வாகமோ மாவட்ட நூலக ஆணைக்குழு வாரியாக. ராயவரத்துக்காரர் காரைக்குடிக்கு வைத்தியத்துக்கு வருவார், அவர் ஊர் நூலகம் வேறு மாவட்டம். அதனால் ஒவ்வொரு நூலகத்துக்கும் தனி விரிதாள் கொடுத்து, வேறு விரிதாளிலிருந்து தரவை எடுத்துவரும் இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தால் ஒரே பக்கத்தில் இணைப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. யாராவது நடுவில் ஒரு கட்டத்தைச் செருகினால் போன் நம்பர் முகவரிக்குப் போய்விடும். தலைப்பு வரியையும் கட்டங்களின் வரிசையையும் பூட்டிவைத்துவிடுங்கள்.

கோஹா மென்பொருள் நூற்பட்டியலுக்கு அருமையானது. ஊர்த் தகவலுக்கு அது பெரிய சுமை. வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் ஜீப்ரா என்ற தேடல் பொறியை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றி மறுபடி அட்டவணைப்படுத்துங்கள், இல்லையேல் தமிழ்த் தேடல் ஒழுங்காக வராது.

வெளியூரிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இருக்கும் நகரத்தார் அதிகம் தேடுவது கோயில் விழா நாள்களை. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் எழுத வேண்டும். வெறும் 'வைகாசி விசாகம்' என்று போட்டால் சென்னையில் டிக்கெட் போடுகிறவருக்குப் பயன்படாது. விழாத் தகவல் வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வரும். அதிலுள்ள எழுத்தைத் தேட முடியாது, நாலு வரி தட்டச்சு செய்தே ஏற்ற வேண்டும்.

ரத்த தானம் செய்வோரின் சொந்த எண்களைப் பொதுவில் போடாதீர்கள். 108, 104, மருத்துவமனை ரத்த வங்கியின் அலுவலக எண் போதும்.

வாசலில் ஒட்டும் கியூ.ஆர். குறியில் பக்கத்தின் முகவரியே நேரடியாக இருக்கட்டும். இடையில் ஒரு சேவை வழியாகச் சுற்றிப் போகும் இலவசக் குறிகள், இலவசக் காலம் முடிந்ததும் வேலை செய்யாமல் போகக்கூடும். இரண்டடி தூரத்திலிருந்து எடுக்க ஆறு சென்டிமீட்டர் அகலம் வேண்டும், பிழைதிருத்த அளவு 'எச்'. அது 30 சதவீதச் சேதம் வரை தாங்கும். வெயில் படும் சுவரில் மை வெளுக்கும், உள்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள். போன் இல்லாதவர்களுக்காக மாதம் ஒருமுறை ஏ4 தாளில் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் போடுங்கள், கீழே அச்சிட்ட தேதியோடு.

தளத்தின் டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் பதிவு செய்ய வேண்டாம். நூலகர் மாறுதலில் போனால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். நூலகத்துக்கென ஒரு மின்னஞ்சல், மீட்பு எண்ணாக நூலகத்தின் போன், திருத்தும் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம். புதுப்பிக்கும் தேதியை விரிதாளின் முதல் வரியிலேயே எழுதிவைத்தால், கெடு நெருங்குவது கண்ணில் படும்.